எஞ்சின் பாகங்களின் பளபளப்பு கெட்டால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

பானட்டைத் திறந்ததும் மின்ன வேண்டிய வால்வு கவர் மங்கிக் கிடக்கிறது, அல்லது எஞ்சினிலிருந்து எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோகும் ஹெடர் குழாய் நீலம் பாரித்திருக்கிறது. உடனே கை போவது பாலிஷ் டப்பாவுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். எஞ்சின் பாகங்களுக்குப் பளபளப்புத் தரும் பூச்சுகள் ஏழெட்டு வகை உண்டு. ஒன்றைச் சுத்தமாக்கும் பொருள் இன்னொன்றை அரித்துவிடும். தவிர, நாம் பார்க்கும் கறைக்கும் கொப்புளத்துக்கும் பல சமயம் காரணம் பூச்சில் இருப்பதில்லை. அடியில் உள்ள உலோகத்தில் இருக்கும், எஞ்சின் ஓடும் விதத்தில் இருக்கும், அல்லது எண்ணெய்ப் பிசுக்கு நீக்க போன வாரம் அடித்த டீகிரீஸரில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

எதையும் தேய்ப்பதற்கு முன்: இது எந்தப் பூச்சு?

பாகம் நன்றாகக் குளிர்ந்த பிறகு, கண்ணில் படாத ஒரு மூலையில் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள்.

முதலாவது காந்தம். நன்றாக ஒட்டினால் அடியில் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம், 304 ரக ஸ்டெயின்லெஸ், இல்லையென்றால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை விரலால் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எக்ஸாஸ்டில் நிறையப் பயன்படும் 409 ரக ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டும். எனவே ஒட்டியதை மட்டும் வைத்து அது ஸ்டெயின்லெஸ் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாவது துணி. வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு துளி மெட்டல் பாலிஷ் வைத்துத் தேய்த்ததும் துணி கன்னங்கரேல் என்று ஆனால், அது பூச்சில்லாத வெறும் அலுமினியம். பாகத்தின் நிறமே துணியில் இறங்கினால் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் (பொடியைப் பூசி அடுப்பில் சுட்ட பூச்சு). அழுக்கைத் தவிர ஒன்றும் வரவில்லையென்றால் குரோம், அனோடைஸிங் (அலுமினியத்தின் மேல் வளர்த்த ஆக்சைடு), கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) ஆகிய மூன்றில் ஒன்று.

அந்த மூன்றில் குரோமைத் தனியே பிரித்தறிய மல்டிமீட்டர் போதும். அதைத் தொடர்ச்சிச் சோதனையில், அதாவது பீப் அடிக்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் கீறாமல் மெல்லத் தொடுங்கள். குரோமும் வெறும் உலோகமும் பீப் அடிக்கும். அனோடைஸும் கிளியர் கோட்டும் பவுடரும் மின்சாரம் கடத்தாதவை, அதனால் சத்தம் வராது. இந்த விஷயம் பின்னால் இன்னொரு கோளாறிலும் வரும், நினைவில் வையுங்கள்.

எக்ஸாஸ்ட் குழாயில் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம்

இது கறை இல்லை. சூட்டில் உலோகத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம்தான் இப்படி நிறம் காட்டுகிறது. படலம் தடிக்கத் தடிக்க ஒளி பிரதிபலிக்கும் விதம் மாறி, நிறமும் மாறும். ஸ்டெயின்லெஸில் தோராயமாக 300 டிகிரி செல்சியஸில் வெளிர்மஞ்சள் தெரியும், 400-க்கு அருகில் பழுப்பு, 450 வாக்கில் ஊதா, 550-ஐ நெருங்கும்போது நீலம். முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வாயு 800 டிகிரியைக்கூடத் தாண்டும் என்பதால், போர்ட்டை, அதாவது வாயு எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயை, ஒட்டிய பகுதி ஓரளவு நிறம் மாறுவது இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை.

எல்லாக் குழாய்களும் ஒரே மாதிரி, வெகுதூரம் வரை நீலமாகியிருந்தால் எஞ்சின் முழுவதும் தேவைக்கு மேல் சூட்டை வெளியேற்றுகிறது. இக்னிஷன் டைமிங் பிந்தியிருக்கலாம். அப்போது எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிதல் முடிந்திருக்காது, அந்தச் சூடு குழாய்க்குள் போகும். கலவையில் பெட்ரோல் குறைவாக இருப்பதும் காரணமாகலாம். டைமிங்கையும் கலவையையும் சரிபார்க்காமல் பாலிஷ் போடுவது வீண் வேலை.

ஒரே ஒரு குழாய் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் நிறம் மாறியிருந்தால் அந்த சிலிண்டரை மட்டும் பாருங்கள். இன்டேக் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு, அடைபட்ட இன்ஜெக்டர் இரண்டும் முதல் சந்தேகங்கள். மாறாக, ஒரு குழாய் மட்டும் புதிது போலப் பளிச்சென்று இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம்.

இன்ஃப்ராரெட் வெப்பமானியை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிர்களைக் குறைவாகவே உமிழும். அதனால் அந்தக் கருவி உண்மையான சூட்டைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு குழாயிலும் போர்ட்டிலிருந்து ஒரே தூரத்தில், வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்பு பெயின்ட்டால் ஒரு சின்னப் பொட்டு வைத்து அதைக் குறிபார்த்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

காரணம் சரியான பிறகு, குரோம் நீலத்தை நீக்கவென்று விற்கும் பாலிஷால் லேசான நிறத்தை எடுத்துவிடலாம். ஆழமான நீலம் முழுதாகப் போகாது.

இன்னொரு வகைக் கறையும் உண்டு. புதுக் குழாயை மாட்டி முதல் தடவை எஞ்சினை ஓடவிட்டதும் விரல் ரேகை அப்படியே பழுப்பாகப் பதிந்துவிடும். கையிலிருந்த எண்ணெய் வெந்துபோன தடம் அது. மாட்டி முடித்ததும், எஞ்சினை முடுக்கும் முன், ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒருமுறை முழுக்கத் துடைத்து உலரவிட்டால் இது வரவே வராது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதன் மிச்சம் கடும் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

குரோமில் துருப்புள்ளி, கொப்புளம், உரிதல்

குரோம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நிக்கல்தான். மேலே இருக்கும் குரோம் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் அடியில் பல மைக்ரான் தடிப்பில் நிக்கல், சில சமயம் அதற்கும் அடியில் செம்பு. கண்ணாடி போன்ற மினுக்கம் நிக்கல் தருவது. குரோம் அதற்கு நீலச் சாயலும் கடினத்தன்மையும் தந்து, நிக்கல் மங்காமல் காக்கிறது. நிக்கலைக் கஞ்சத்தனமாகப் பூசிய பாகம் புதிதில் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் ஊசிமுனைத் துளைகள் வழியே ஈரம் இறங்கி, இரும்பில் துரு கிளம்பும். மலிவான குரோம் பாகங்கள் சீக்கிரம் கெடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

புள்ளிகள் மட்டும் இருந்தால்: அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது என்பதால் கீறல் விழாது, மேலே வந்த துரு மட்டும் போகும். பிறகு உலர்த்தி மெழுகோ சீலன்ட்டோ பூசி அந்தத் துளைகளை அடைத்து வையுங்கள். இது தற்காலிகம்தான், ஆனால் அவ்வப்போது செய்துவந்தால் நெடுநாள் ஓட்டலாம்.

கொப்புளம் என்றால் பூச்சு அடி உலோகத்திலிருந்து பிரிந்துவிட்டது. பிளேட்டிங்குக்கு முன் எண்ணெய் சரியாகப் போகவில்லை, அல்லது அடியில் துரு பரவுகிறது. இதற்கு ஒட்டுவேலை கிடையாது. முழுதாக உரித்து மறுபடி பிளேட்டிங் செய்ய வேண்டும், அதுவும் பட்டறையில்தான். வீட்டில் அமிலம் வைத்துக் குரோம் உரிக்கும் யோசனை வேண்டாம். குரோம் பூசிய இடத்தில் நேரடியாக வெல்டிங் வைப்பதும் கூடாது, அந்தப் புகை புற்றுநோய் வரை கொண்டுபோகும் நச்சு.

உரிவது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் வெளியில் இல்லை. வால்வு கவரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். உள்ளேயும் குரோம் பூசியிருந்து அது செதில் செதிலாக உதிர்ந்தால், அவ்வளவும் ஆயிலில் போகும். இப்படி ஒரு கவர் கண்ணில் பட்டால் அதை அன்றே மாற்றிவிடுவதுதான் சரி. ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

பிளாஸ்டிக் கவர்களில் இருக்கும் குரோம் எக்ஸாஸ்ட்டின் சூட்டருகில் கொப்புளித்தால் பிளாஸ்டிக்கே இளகத் தொடங்கிவிட்டது என்று பொருள். சரிசெய்ய வழியில்லை. வேறு இடத்துக்கு மாற்றுங்கள் அல்லது கழற்றி வைத்துவிடுங்கள்.

அலுமினியம் மங்குவது, பூப்பது, கருப்பது

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் ஒரே உலோகம் மூன்று விதமாகக் கெடும், மூன்றுக்கும் காரணம் வேறு.

எங்கும் ஒரே சீராக மினுக்கம் குறைந்து சாம்பல் படர்ந்தால் அது சாதாரண ஆக்சைடு. மெருகிட்ட அலுமினியம் காற்றுப் பட்ட கணமே மெல்லிய படலம் போர்த்திக்கொள்ளும். சூடும் ஈரமும் சேரச் சேர அது தடிக்கும். மெட்டல் பாலிஷும் மென்மையான துணியும் போதும்.

வெள்ளைப் பொடி பூத்து, துடைத்தால் அடியில் குழி தெரிந்தால் அது அரிப்பு. உப்புக் காற்று, உப்புத் தூவிய சாலைத் தண்ணீர், கசிந்து காய்ந்த கூலன்ட் இவற்றில் ஒன்று காரணம். பூத்த இடம் குழாய் மூட்டுக்கோ தெர்மோஸ்டாட் உறைக்கோ கீழே இருந்தால் முதலில் கூலன்ட் கசிவைத் தேடுங்கள். பேட்டரி பக்கத்தில் இருந்தால் அமில ஆவியைச் சந்தேகியுங்கள். குழி விழுந்த இடத்தைப் பாலிஷ் நிரப்பாது. எமரி ஷீட்டால் குழியின் அடிமட்டம் வரை இறக்கினால்தான் மட்டமாகும்.

கழுவிய மறுநிமிடம் கருமையாக, ஒழுகிய தடங்களாகத் தெரிந்தால் குற்றவாளி உங்கள் கையிலிருக்கும் பாட்டில்தான். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். அளவு தோராயமாக 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால்தான் அதன் ஆக்சைடு படலம் நிலைத்து நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கை ஒரே அடியில் வழித்தெடுக்கும் டீகிரீஸர்கள் பலவும் கடுமையான காரம். அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேக்கள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடாவேதான். லேபிளில் அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று இல்லாவிட்டால், அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால், வெறும் அலுமினியம் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கறை லேசாக இருந்தால் பாலிஷில் போகும். ஆழமாக இருந்தால் எமரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரி, எமரி வரை போயாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எமரியின் எண் கூடக் கூட அது மென்மையாகும். வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தால் 180 அல்லது 220-இல் தொடங்கி 320, 400 என்று ஏறலாம். ஏற்கெனவே மெருகிட்ட பாகமென்றால் 400-இல் தொடங்கினால் போதும். பிறகு 600, 800, 1000, 1500 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய எண்ணின் கோடுகள் முழுதும் மறையும் வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. 320-இல் விட்ட ஒரு கோடு 1500-இல் மறையாது. பஃபிங், அதாவது துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது, முடிந்து மின்னும்போதுதான் அது பளிச்சென்று தெரிந்து எரிச்சல் மூட்டும்.

அப்புறம் பஃபிங். தையல் போட்ட பருத்திச் சக்கரத்தில் டிரிப்போலி என்ற பழுப்பு மெருகுக் கட்டி, அதற்கடுத்து தையலில்லாத மென்சக்கரத்தில் வெள்ளைக் கட்டி. ஒவ்வொரு கட்டிக்கும் தனிச் சக்கரம் வேண்டும், மாற்றிப் பயன்படுத்தினால் முதல் கட்டியின் முரட்டுத் துகள் இரண்டாவது வேலையைக் கெடுத்துவிடும். அழுத்தித் தேய்க்காதீர்கள். அலுமினியம் சீக்கிரம் சூடாகி, மேற்பரப்பு இழுபட்டு மங்கலாகிவிடும். பாகத்தின் மேல்விளிம்பைச் சக்கரத்தை நோக்கிக் காட்டினால் சக்கரம் அதைப் பிடுங்கி எறியும், கீழ்விளிம்புப் பக்கமே வேலை செய்யுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். இரும்பு தேய்த்த சக்கரத்திலும் பெட்டியிலும் அலுமினியம் தேய்க்க வேண்டாம். துருத்தூளும் அலுமினியத் தூளும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் அணைப்பது கடினம். தேய்த்த பிறகு மூலைகளில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பிசுக்கை டால்கம் பவுடர் தூவித் துடைத்தால் சுலபமாக வந்துவிடும்.

மெருகிட்டதும் ஊசிக் குத்தல் போலத் துளைகள் தெரிகிறதா? அது உங்கள் கை வேலையின் குறை அல்ல. வார்க்கும்போது உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகளைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். இன்னும் தேய்த்தால் இன்னும் திறக்கும். நிறுத்திவிடுங்கள்.

இனி இந்த மினுக்கத்தைக் காப்பது. கார்னோபா மெழுகு 82 முதல் 86 டிகிரிக்குள் உருகிவிடும், ஓடிச் சூடேறிய எஞ்சினின் ஆயில் அதற்கு மேலேயே இருக்கும். வால்வு கவரில் மெழுகு நிற்காததற்கு அதுதான் காரணம். பாலிமர் வகை சீலன்ட் இதைவிட நாள் தாங்கும். எதுவானாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை கை பாலிஷ் போட்டே ஆக வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் கண்ணாடி மெருகைத் தேர்ந்தெடுக்காமல், ஒரே திசையில் கோடிட்ட சாட்டின் மெருகோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் மங்கல் பாதிகூடத் தெரியாது, பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

கிளியர் கோட் அடித்துவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து, எங்கோ கல் பட்டுத் தெறித்த இடத்திலிருந்து புழு ஊர்ந்தது போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் படலத்துக்கு அடியில் ஓடுவதைப் பார்ப்பீர்கள். இழை அரிப்பு இது. கண்ணாடி போல வழவழப்பான உலோகத்தில் கிளியர் கோட்டுக்குப் பிடிமானம் குறைவு. ஈரம் ஒரு வாசல் கண்டுபிடித்தால் அடியிலேயே ஊர்ந்து போகும். அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒட்டுப்போட முடியாது. பாகம் முழுவதும் கிளியர் கோட்டை எடுத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். என்னைக் கேட்டால், எஞ்சின் மேல் இருக்கும் மெருகிட்ட அலுமினியத்துக்குக் கிளியர் கோட் வேண்டவே வேண்டாம்.

அனோடைஸ் செய்த பாகத்தின் நிறம் வெளுப்பது, நுண்வெடிப்பு

அனோடைஸிங் என்பது மேலே பூசுவது இல்லை, அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக வளர்த்து, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி அடைப்பது. வெளுத்தால் சாயம் வெயிலிலும் சூட்டிலும் சிதைந்துவிட்டது. பாலிஷ் போட்டு நிறம் வராது. வெயில் ஒரு பக்கம் மட்டும் படும் பாகம் என்றால் வெளுப்பும் ஒருபக்கமாக இருக்கும். சிலந்தி வலை போன்ற வெடிப்பு தெரிந்தால் சூடு அதிகம். ஆக்சைடு, அலுமினியம் விரியும் அளவுக்கு விரியாது. 80 டிகிரிக்கு மேலே போகப் போக அது வெடிப்பு விட ஆரம்பிக்கும். காற்று வடிகட்டிக் குழாய், கேபிள் கிளிப், மூடிகள் இவற்றுக்கு அனோடைஸ் நல்ல தேர்வு, எக்ஸாஸ்ட் அருகில் கூடாது.

புதிதாக அனோடைஸ் செய்து வாங்கும்போதே அழுக்குச் சாம்பலாக வந்தால் உலோகத்தைப் பாருங்கள். 6061, 6063 போன்ற கட்டி அலுமினியம் அழகாகச் சாயம் ஏற்கும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் அதிகம். பரவலாகப் பயன்படும் ஏ356 வகையில் 7 சதவீதம் அளவுக்கு இருக்கும். அந்தச் சிலிக்கன் அனோடைஸ் ஆகாமல் சாம்பல் திட்டாக நிற்கும். பட்டறைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை.

பவுடர் கோட்டிங்கில் குமிழி

சுட்டு எடுத்ததுமே குமிழியும் ஊசித்துளையும் இருந்தால் வார்ப்புக்குள் ஊறியிருந்த எண்ணெயும் காற்றும் அடுப்புச் சூட்டில் வெளியேறியிருக்கின்றன. பவுடர் வழக்கமாக 180 முதல் 200 டிகிரியில் சுடப்படும். அதைவிடச் சற்று அதிகச் சூட்டில் வெறும் பாகத்தை முன்கூட்டியே சுட்டு, வாயுவை வெளியேற்றிவிட்டுப் பூச வேண்டும். பழைய எஞ்சினில் கிடந்த பாகம் என்றால் இதைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். குரோம் மாதிரி மினுக்கும் பவுடரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மேலே கிளியர் பூசியதும் அது மினுக்கம் குறைந்து வெள்ளிப் பெயின்ட் போலத்தான் நிற்கும்.

வெள்ளி நிற செராமிக் ஹெடர் சுண்ணாம்பு போல வெளிறுவது

மெருகிட்ட வெள்ளி வகை செராமிக் பூச்சு ஏறக்குறைய 700 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் மினுக்கம் போய் வெளிறிவிடும், ஆனால் துருவிலிருந்து காக்கும் வேலையைத் தொடர்ந்து செய்யக்கூடும். அடிக்கடி நடப்பது: புதிதாகக் கட்டிய எஞ்சினில் டைமிங் சரியாக அமையாத முதல் ஓட்டத்திலேயே ஹெடர் செக்கச்செவேலெனப் பழுத்து, பூச்சு அங்கேயே போய்விடும். முதல் ஓட்டத்துக்கு ஹெடருக்குப் பதில் பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாட்டி, எல்லாம் சரியான பிறகு பூசியதை மாட்டுவது புத்திசாலித்தனம். டர்போ எஞ்சின் என்றால் மினுக்கத்தை மறந்துவிட்டு, அதிகச் சூடு தாங்கும் மங்கலான கறுப்பு வகையைக் கேளுங்கள்.

ஸ்டெயின்லெஸில் துரு

பெரும்பாலும் இது வெளியிலிருந்து வந்த இரும்பு. இரும்புக் கம்பி பிரஷாலோ ஸ்டீல் உல்லாலோ தேய்த்தபோது ஒட்டிய துகள் துருப்பிடித்துக் கறையாகிறது. சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவினால் அந்த இரும்பு கரைந்து, ஸ்டெயின்லெஸின் காப்புப் படலம் மறுபடி உருவாகும். இனி தேய்ப்பதற்கு ஸ்டெயின்லெஸ் பிரஷ் அல்லது நைலான் பட்டை. 409 ரகத்தில் மேலோட்டமான துரு வருவது அதன் இயல்பு, அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

பளபளப்பு வந்த பிறகு கிளம்பும் புதுத் தொல்லைகள்

பாகங்களைக் கழற்றிப் பூசி மாட்டிய அன்றே வண்டியில் வேறெதோ கெட்டுப்போனால், பூச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழல்கிறது, பேட்டரி விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, டெம்பரேச்சர் முள் தாறுமாறாகக் காட்டுகிறது: எர்த், அதாவது மின்சாரம் உலோகத்தின் வழியே பேட்டரிக்குத் திரும்பும் பாதை, போயிருக்கிறது. ஆல்டர்னேட்டரும் பல சென்சார்களும் தங்கள் பிராக்கெட் வழியாகவே எர்த் எடுக்கின்றன. பவுடரும் அனோடைஸும் மின்சாரம் கடத்தாது என்று மேலே பார்த்தோம். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்துக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லிப் பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது, விளக்குகளைப் போட்டுவிட்டு, நெகட்டிவ் முனைக்கும் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் நடுவே பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தெளிவாகத் தாண்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. போல்ட் உட்காரும் வட்டத்திலும் பிராக்கெட் பிளாக்கைத் தொடும் முகத்திலும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அல்லது தனி எர்த் வயர் போடுங்கள்.

மாட்டிய கொஞ்ச நாளில் போல்ட் தளர்கிறது: பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் தடிப்பு. போல்ட் தலையின் அழுத்தத்திலும் சூட்டிலும் அது மெல்ல நசுங்கும், இறுக்கமும் அதோடு போகும். இறுகும் முகங்களைப் பூசும் முன்பே டேப் போட்டு மறைத்திருக்க வேண்டும். இப்போது சுரண்டிவிட்டு, குறிப்பிட்ட டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவில்) மறுபடி இறுக்குங்கள்.

கேஸ்கெட் ஓரத்தில் ஆயில் கசிகிறது: அதே காரணம், அல்லது பஃபிங் செய்தவர் கேஸ்கெட் முகத்தையும் சேர்த்து மெருகிட்டு விளிம்பை உருட்டிவிட்டார். நேர்ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

பெல்ட் கீச்சிடுகிறது: புல்லியின் பள்ளத்திலும் குரோம் பூசிவிட்டார்கள். வழவழப்பில் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டை இன்னும் முறுக்கினால் பேரிங்தான் கெடும். பள்ளத்தில் பூச்சில்லாத புல்லியாக மாற்றுவதே தீர்வு.

ஆயிலில் மணல் போல நெருடல்: எஞ்சினை உடனே நிறுத்துங்கள். பூசும் முன் மணல் அல்லது கண்ணாடி மணி அடித்துச் சுத்தம் செய்த வால்வு கவரின் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டின் மூலைகளில், அந்த மணிகள் தங்கியிருக்கும். அவை பேரிங்கைத் தின்றுவிடும். தடுப்புத் தகட்டைக் கழற்ற முடியாத கவரை மணியடிக்கக் கொடுக்கவே கூடாது.

கடைசியாக, தானாக உடையும் போல்ட். கடினமான எஃகை பிளேட்டிங் செய்யும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். இறுக்கும்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரமோ சில நாளோ கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலை தெறிக்கும். பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சுட்டால் ஹைட்ரஜன் வெளியேறும், ஆனால் அலங்காரப் பட்டறைகளில் இதை எதிர்பார்க்க முடியாது. 10.9, 12.9 என்று தலையில் பொறித்த போல்ட்டுகள், ஹெட் போல்ட், ஃபிளைவீல் போல்ட், எந்த ஸ்பிரிங்கும் குரோம் பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது. மினுக்கம் வேண்டுமென்றால் தலைக்கு மேல் மாட்டும் குரோம் தொப்பிகள் கிடைக்கின்றன.

அதற்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமே என்றால், வால்வு கவர் போன்ற சுமையில்லாத இடங்களில் போடலாம். அலுமினியத்துக்குள் அதை வெறுமனே திருகினால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே ஈரத்தில் மின்வேதி அரிப்பு நடந்து, போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். ஒருநாள் கழற்றப் போனால் மரை முழுவதும் போல்ட்டோடு சேர்ந்து வந்துவிடும். மரை சிக்கிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை மரையில் தடவுங்கள். தடவிய மரை வழுக்கும் என்பதால் டார்க்கைக் கொஞ்சம் குறைத்து இறுக்குங்கள்.